தோற்றுப்போன டாக்சி ஓட்டுநரும் டோகோவின் 17 வயதுப் பெண்ணும்: காரன் முசாலோவின் வழக்கு

[திரையில்: ஐந்து பெட்டிகள். இனம், மதம், நாட்டினம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு]

வணக்கம். உயிருக்கு அஞ்சி ஓடிவரும் எவரும் சட்டத்தின் கண்ணில் தானாகவே அகதி ஆகிவிடுவதில்லை. தமக்கு நேரும் கொடுமை இந்த ஐந்து காரணங்களில் ஒன்றினால் நேர்கிறது என்று அவர் நிறுவ வேண்டும். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை வகுத்த பட்டியல் இது. ஒரு பெண் பெண்ணாகப் பிறந்ததாலேயே வதைக்கப்பட்டால் அவள் எந்தப் பெட்டியில் அடங்குவாள்? 'பாலினம்' என்று ஒரு பெட்டி இல்லையே! இந்தக் கேள்வியோடுதான் அமெரிக்க வழக்கறிஞர் காரன் முசாலோ தம் தொழில்வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்திருக்கிறார்.

அவருடைய முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெர்க்லியில் சட்டம் பயின்றார். மனசாட்சியின் பேரில் படையில் சேர மறுத்த எல் சால்வடோர் இளைஞர்களுக்காக வாதாடினார். பின்னர் வாஷிங்டனில் சட்ட மாணவர்களுக்குப் பயிற்சியளித்தார்.

[திரையில்: நூவர்க் விமான நிலையம், டிசம்பர் 1994]

ஃபௌசியா கசிஞ்சா மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டைச் சேர்ந்தவர். பெண்ணுறுப்புச் சிதைப்பு வழக்கத்தை எதிர்த்து வந்த அவருடைய தந்தை 1993இல் இறந்ததும், ஏற்கெனவே மூன்று மனைவியர் உள்ள 45 வயதுக்காரருக்கு அவரை மணமுடிக்கவும், அதற்கு முன் அந்தச் சிதைப்பைச் செய்துவிடவும் உறவினர் ஏற்பாடு செய்தனர். அக்காவின் உதவியால் தப்பி, ஜெர்மனி வழியாக அமெரிக்கா வந்திறங்கியவர், தாம் வைத்திருந்த கடவுச்சீட்டு தம்முடையதன்று என்று அதிகாரிகளிடம் தாமே கூறிப் புகலிடம் கேட்டார். உண்மையைச் சொன்னவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 16 மாதத் தடுப்புக்காவல். சட்டக்கல்லூரி மாணவி ஒருவர் அவருக்காக முதலில் வாதாடினார். குடிவரவு நீதிபதி நம்ப மறுத்தார். மேல்முறையீட்டுக் கட்டத்தில் வழக்கை ஏற்றவர்தான் முசாலோ.

இந்த இடத்தில் என்னை மிகவும் வியக்கவைத்த செய்திக்கு வருகிறேன். சற்று நிதானமாகவே சொல்கிறேன், வேகத்தைக் கூட்டிப் பார்க்காதீர்கள்.

'குறிப்பிட்ட சமூகக் குழு' என்ற ஐந்தாம் காரணம், உடன்படிக்கை வரைவின் இறுதிக் கட்டத்தில் சுவீடன் நாட்டுப் பிரதிநிதி முன்மொழிந்ததால் நுழைந்தது. அதைப் பற்றி விவாதம் நடந்ததாகச் சொல்லவே முடியாது. ஆகவே அதன் பொருள் என்ன என்பதைப் பின்னால் வந்த நீதிபதிகளே முடிவு செய்ய வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் அதற்கு வழிவகுத்தவர் எல் சால்வடோரைச் சேர்ந்த அகோஸ்டா என்னும் டாக்சி ஓட்டுநர். வேலைநிறுத்தத்தில் சேர மறுத்ததற்காக அவருடைய டாக்சிக் கூட்டுறவுச் சங்கத்தினரைக் கெரில்லாக்கள் மிரட்டினர். சிலர் கொல்லவும் பட்டனர். டாக்சி ஓட்டுநர்களையே ஒரு சமூகக் குழுவாகக் கருத வேண்டும் என்று அவர் வாதிட்டார்.

1985இல் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் அதை ஏற்கவில்லை. ஒருவரால் மாற்றிக்கொள்ளவே இயலாத பண்பு, அல்லது அவருடைய அடையாளத்துக்கோ மனசாட்சிக்கோ அடிப்படையானதால் மாற்றிக்கொள்ளும்படி கேட்கக் கூடாத பண்பு, இவற்றில் ஒன்றுதான் குழுவை வரையறுக்கும் என்றது. தொழிலை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அகோஸ்டாவுக்கு இடமில்லை என்றது. உயிர் போகும் நிலையில் இருப்பவரிடம் வேறு வேலை பார்க்கச் சொல்வது ஈவிரக்கமற்ற பேச்சு என்பது என் கருத்து. ஆயினும், மாற்ற இயலாத பண்புக்கு எடுத்துக்காட்டாக அதே தீர்ப்பு முதலில் எழுதிவைத்த சொல் 'பால்'. அகோஸ்டாவுக்குக் கதவை அடைத்த வரையறை பெண்களுக்குத் திறந்துகொண்டது! கனடா உச்ச நீதிமன்றம் 1993இலும், பிரிட்டனின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் அவை 1999இலும் இந்த விளக்கத்தை எடுத்தாண்டன.

1996 ஜூன் 13 அன்று 11க்கு 1 என்ற கணக்கில் வாரியம் ஃபௌசியாவுக்குப் புகலிடம் அளித்தது. இளம்பெண்ணாக இருப்பதும் குறிப்பிட்ட இனக்குழுவில் பிறந்திருப்பதும் மாற்ற இயலாதவை. உடல் சிதைக்கப்படாமல் இருப்பது மாற்றிக்கொள்ளும்படி கேட்கக் கூடாதது. அகோஸ்டா தீர்ப்பின் அளவுகோல் அப்படியே பொருந்தியது.

[திரையில்: 1999]

முசாலோ 1999இல் பாலினம் மற்றும் அகதிகள் ஆய்வு மையத்தை சான் பிரான்சிஸ்கோவில் நிறுவினார். அதே ஆண்டில் மற்றொரு வழக்கு சறுக்கியது. கணவனின் கொடுமைக்குத் தப்பிவந்த குவாத்தமாலாப் பெண் ரோடி அல்வராடோவுக்கு 1996இல் கிடைத்திருந்த புகலிடத்தை வாரியம் பறித்தது. 2001இல் சட்டத்துறை அமைச்சரான தலைமைச் சட்ட அதிகாரி ஜேனட் ரீனோ அந்த முடிவை நீக்கினார். ரோடிக்கு இறுதியாகப் புகலிடம் கிடைத்தபோது 2009 டிசம்பர் ஆகியிருந்தது.

அமைச்சர் ஒருவர் எப்படித் தீர்ப்பை நீக்க முடியும் என்று கேட்பீர்கள். அங்கே குடிவரவு நீதிமன்றங்கள் நீதித்துறையின் தனி அங்கம் அல்ல. அரசின் சட்டத்துறைக்குக் கீழ் இயங்குபவை. மோதும் அணிகளில் ஒன்றின் தலைவரே நடுவரின் முடிவைத் திருத்துகிற கிரிக்கெட் அது. குடும்ப வன்முறைக்குத் தப்பிய பெண்களுக்கு 2014இல் வாரியம் கதவைத் திறந்தது. 2018இல் தலைமைச் சட்ட அதிகாரி ஜெஃப் செஷன்ஸ் அதை அடைத்தார். 2021இல் அதே பதவியில் இருந்த மெரிக் கார்லண்ட் அந்த அடைப்பை நீக்கினார்.

பாலினத்தை ஆறாவது காரணமாக உடன்படிக்கையிலேயே சேர்த்துவிட்டால் என்ன? பட்டியலைத் திருத்தத் திறந்தால், இருக்கும் ஐந்தையும் நாடுகள் சுருக்கிவிடக்கூடும் என்ற அச்சம் ஒருபுறம் உண்டு. அந்த ஆபத்தை ஏற்கலாமா, கூடாதா என்பதைக் காரணத்தோடு கருத்துப் பகுதியில் எழுதுங்கள். கனடாவிலோ ஐரோப்பாவிலோ புகலிட விசாரணையை நேரில் கண்ட ஈழத்துச் சொந்தங்கள் இருந்தால், உங்கள் பதிலை முதலில் படிக்க விரும்புகிறேன்.