கட்டியை மட்டும் பார்த்தால் போதாது

நேயர்களுக்கு வணக்கம். "அது கொழுப்புக் கட்டிதான், ஒன்றும் செய்யாது" என்று பாம்பனிலிருந்து தொண்டி வரை சொல்லக் கேட்கலாம். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் சில கட்டிகள் நரம்பைச் சுற்றியுள்ள உறையில் வளர்பவை. அழுத்தினால் விரல் நுனி வரை சுருக்கென்று இழுத்தால் அந்தச் சந்தேகம் வரும். இவற்றில் ஷ்வானோமா நரம்பின் ஓரமாக வளரும். நரம்பைக் காப்பாற்றி எடுத்துவிடப் பெரும்பாலும் வழியுண்டு. நியூரோஃபைப்ரோமா இழைகளுக்கு நடுவிலேயே வளர்வதால் பிரிப்பது கடினம்.

ஒரே கட்டி என்றால் அது அநேகமாகக் குடும்பத்தில் வருவதல்ல. பல கட்டிகள் என்றால் முதலில் சட்டையைக் கழற்றச் சொல்வேன். காபி நிறத்தில் ஆறு திட்டுகளாவது இருக்கின்றனவா? பருவம் எய்தாத பிள்ளைக்கு ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டருக்கு மேல், பெரியவருக்கு 15க்கு மேல் இருக்க வேண்டும். அப்புறம் அக்குளில் பொடிப்பொடிப் புள்ளிகள், கண்ணுக்குள் சிறு முடிச்சுகள். நரம்புக் கட்டிகள் பல வரும் மரபணு நோயான நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகையை, சுமார் 3,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருவதை, பெரும்பாலும் இப்படிப் பார்த்தே சொல்லிவிடலாம். குழப்பமாக இருந்தால் ரத்தத்தில் மரபணுச் சோதனை. திட்டைக் கண்டதும் தொழுநோய் என்று பயப்பட வேண்டாம். இந்தத் திட்டில் உணர்ச்சி மரத்துப்போகாது.

"கிரகணத்தில் வெளியே வந்தாள்", "சொந்தத்துக்குள் கட்டிக்கொடுத்தார்கள்" என்று பழி எப்போதும் தாய்மேல் விழுகிறது. இரண்டுமே காரணமில்லை. ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பெற்றோர் இருவரிடமும் இது இருக்காது. மரபணு மாற்றம் புதிதாக நேர்ந்திருக்கும். மீதிப் பேருக்கு அப்பாவிடமிருந்தும் வரலாம், அம்மாவிடமிருந்தும் வரலாம். ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. அப்பாவுக்குத் திட்டோடு நின்றது பிள்ளைக்குக் கட்டியாகவும் வரும். அதனால் அப்பாவையும் கூட்டி வரச் சொல்கிறேன். கடல் வெயிலில் கறுத்த முதுகில் திட்டு தெரியாமல் போகலாம், அக்குள் காட்டிக்கொடுத்துவிடும்.

மரபணுவால் நரம்புக் கட்டிகள் வரும் இன்னொரு வகை நோயில் இரண்டு காது நரம்புகளிலும் ஷ்வானோமா வளரும். இருபது வயதையொட்டி காது இரையும், கேட்பது குறையும், நடை தள்ளாடும். நம் பக்கத்தில் சங்கு குளிப்பவருக்குக் காது மந்தமானால் தண்ணீர் அழுத்தம் என்று விட்டுவிடுகிறோம். இளவயதில் அப்படி ஆனால் காது மருத்துவரிடம் கேட்கும் திறன் சோதனை செய்துகொள்ளுங்கள், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்.

முதல் வகை உள்ள பிள்ளைகளுக்கு வருடாவருடம் கண் பரிசோதனையும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். எந்த வயதானாலும், பழைய கட்டி திடீரென்று பெருத்தாலோ, ராத்திரி தூங்கவிடாமல் வலித்தாலோ, கைகால் பலம் குறைந்தாலோ அடுத்த முறை வரும்போது காட்டலாம் என்று வைக்காதீர்கள். அபூர்வமாகப் புற்றாக மாறுவது இப்படித்தான் தெரியவரும்.