கைவேலைக்குக் காசு வாங்கினால் கலை கெட்டுப்போகுமா?

நடுவர் அவர்களே, குல்லாவும் மப்ளருமாக வந்து உட்கார்ந்திருக்கும் கோத்தகிரி மக்களே, வணக்கம்.

"மனசுக்குப் பிடிச்சுச் செய்யற வேலைக்கு விலை போட்டா சந்தோஷம் போயிடும்"னு எதிரணி ஐயா சொன்னார், நீங்களும் கை தட்டினீங்க. அவர் போட்டிருக்கிற ஸ்வெட்டரை மச்சினி பின்னிக் கொடுத்தாங்கன்னும் பெருமையாச் சொன்னார். ஐயா, கம்பளி நூலுக்காவது காசு கொடுத்தீங்களா?

முழுக்கை ஸ்வெட்டர்னா சும்மாவா? முதுகு, முன்பக்கம், ரெண்டு கை, கழுத்துப்பட்டின்னு தனித்தனியாப் பின்னி இணைக்கணும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனா சமயத்தில் அந்த வரிசை வரைக்கும் பிரிக்கணும். இவ்வளவையும் செஞ்சு கொடுத்தா, "பொழுதுபோகத்தானே பின்றே, என் பையனுக்கும் ஒண்ணு போடேன்" என்பாங்க. 1,500 ரூபாய்னு சொல்லிப் பாருங்க. அப்பதான் உட்கார்ந்து, "எத்தனை நாள் ஆகும்மா?"ன்னு கேட்பாங்க. பச்சைத் தேயிலை விலை இறங்கற மாசத்தில் இந்தக் காசுக்கு என்ன மதிப்புன்னு இங்கே இருக்கிற தாய்மாருக்கு நான் சொல்ல வேண்டாம்.

கலை கெட்டுடும் என்கிறார். நம்ம நீலகிரியில் வாழற தோடர் பழங்குடி மக்களோட தையலைப் பாருங்க. வரைஞ்சு வெச்ச கோடு கிடையாது. வெளிர்வெள்ளைத் துணியில் இழையை எண்ணி எண்ணி, சிவப்பும் கறுப்புமா, துணியின் பின்புறத்திலிருந்து தைக்கிறாங்க. அவங்க போர்த்திக்கற பூத்துக்குளியில் இருப்பதும் அந்தத் தையல்தான். இறந்தவங்களுக்குப் போர்த்தி அனுப்பற துணியிலும் அதே தையல். இப்போ பையாகவும் சால்வையாகவும் விலைக்கு வருது. அதனால பூத்துக்குளி போர்த்தறதை அவங்க விட்டுட்டாங்களா? இது இந்த மண்ணோட பொருள்னு சொல்ற புவிசார் குறியீடு 2013-ல் கிடைச்சது. பெட்டிக்குள்ள மடிச்சே வெச்சிருந்தா அதை யார் கேட்டிருப்பா? மெஷினில் அடிச்ச போலியும் விக்குதேன்னு கேட்பீங்க. போலி விக்கிறவரைத் திட்டுங்க. ஊசி பிடிச்ச அம்மாவை ஏன் திட்டறீங்க?

ஒண்ணு ஒத்துக்கறேன். மே மாசம் இங்கே காய்கறிக் கண்காட்சி, ஊட்டியில் மலர்க் கண்காட்சின்னு கூட்டம் மலை ஏறும்போது வீட்டில் சாக்லேட் செய்யறவங்க பாடு திண்டாட்டம்தான். ராத்திரி பதினொரு மணிக்கு அச்சில் ஊத்திக்கிட்டிருந்தா யாருக்கும் எரிச்சல் வரும். அதோட உணவுப் பாதுகாப்புப் பதிவு, லேபிள், காலாவதித் தேதி. இதுக்கெல்லாம் முன்பணம் வாங்கு, முடிஞ்ச ஆர்டரை மட்டும் எடுன்னு சொல்லுங்க. காசே வாங்காதேன்னு சொன்னா எப்படி? பேத்திக்குப் பின்ற குல்லாவை யாரும் விலை கேட்கப் போறதில்லை. அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது.

மணி அடிச்சாச்சு. நடுவர் ஐயா, உங்களுக்கும் பேச்சு முதலில் பொழுதுபோக்காத்தான் இருந்திருக்கும். கூட்டம் முடிஞ்சதும் விழாக் குழு கவர் நீட்டும். "சந்தோஷம் போயிடும், வேண்டாம்"னு சொல்லப் போறீங்களா? அதை முடிவு பண்ணிட்டு அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்க. வணக்கம்.