மாட்டுக்குக் கொடுத்த பணத்தை மொய் என்று எழுதலாமா?

நண்பர்களே, ஒரு கல்யாண வீட்டுக்குப் போகிறீர்கள். கொட்டிலில் நிற்கிற கறவை மாடு பிடித்துப்போய், விலை பேசி வாங்கியும் விடுகிறீர்கள். அப்புறம் மொய் எழுதுகிறவரிடம் போய், "இப்ப மாட்டுக்குக் கொடுத்தேனே, அதையே மொய்யா எழுதிக்குங்க" என்றால் அவர் என்ன சொல்வார்? கார்பன் சந்தையில் பணக்கார நாடுகள் செய்யப் பார்த்தது கிட்டத்தட்ட இதைத்தான்: தங்களுக்காகக் கிரெடிட் வாங்கிய பணத்தையே ஏழை நாடுகளுக்குச் செய்த உதவி என்றும் எழுதப் பார்த்தார்கள்.

1997-ல் பூமி சூடாவதைத் தடுக்கப் போட்ட கியோட்டோ ஒப்பந்தத்தில் 'தூய்மை வளர்ச்சி வழிமுறை' என்று ஒன்றை வைத்தார்கள். வளரும் நாட்டில் ஒரு டன் கரியமில வாயு குறைந்தால் ஒரு கிரெடிட். பணக்கார நாடு அதை வாங்கித் தான் குறைத்ததாகக் காட்டிக்கொள்ளலாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். சரி, அந்தக் கிரெடிட்டை ஏழைகளுக்கென்று ஒதுக்கிய உதவிப் பணத்திலேயே வாங்கினால்? கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். அதனால்தான் 2001-ல் மராகேஷில் நடந்த காலநிலை மாநாட்டில், உதவிப் பணத்தை இதற்குத் திருப்பிவிடக் கூடாது என்று எழுதினார்கள். உதவிப் பணத்தில் நடந்த திட்டத்திலிருந்து கிரெடிட் கிடைத்தால் அதன் மதிப்பை உதவிக் கணக்கில் கழித்துவிட வேண்டும் என்று 2004-ல் உதவி தரும் நாடுகளின் குழுவும் முடிவு செய்தது.

என் மனக்குறை வேறு. டன் எங்கே மலிவு என்றுதான் சந்தைக்குத் தெரியும். யார் வீட்டில் அடுப்பு புகைகிறது என்று தெரியாது. ஏ.சி.க்கான வாயு தயாரிக்கும்போது எச்.எஃப்.சி-23 என்று ஒரு கழிவு வாயு வரும். அதில் ஒரு டன் 11,700 டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்று கணக்கு. அதனால் ஒரு டன்னை எரித்தால் 11,700 கிரெடிட். கிராமத்தில் ஒரு நல்ல அடுப்பு வருஷத்துக்கு இரண்டு டன் மிச்சம் பிடிப்பதே பெரிது. அப்படிப் பார்த்தால் அந்த ஒரு டன்னுக்கு ஈடுகட்ட ஏறக்குறைய ஆறாயிரம் வீடுகளில் வருஷம் முழுக்க அடுப்பு எரிய வேண்டும். தரகர் எந்தப் பக்கம் போவார்? சீனாவிலும் இந்தியாவிலும் இருந்த ஆலைகளுக்குத்தான் போனார், ஆப்பிரிக்காவுக்குக் கிடைத்தது சொற்பம். கிரெடிட்டுக்காகவே கழிவைக் கூடுதலாக உண்டாக்குகிறார்கள் என்ற புகார் வந்து, 2013-ல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தக் கிரெடிட்டுக்குக் கதவைச் சாத்தியது. அதற்குள் சந்தையே படுத்துவிட்டது: 2008-ல் இருபது யூரோவுக்கு மேல் விற்ற ஒரு கிரெடிட், 2012 கடைசியில் ஒரு யூரோகூடப் போகவில்லை.

கியோட்டோவுக்கு அடுத்து வந்த பாரிஸ் ஒப்பந்தத்தில் கணக்கைக் கொஞ்சம் நேராக்கினார்கள்: கிரெடிட்டை விற்ற நாடு அதே டன்னைத் தன் கணக்கிலும் காட்டக் கூடாது. மாட்டை விற்ற வீட்டில் மறுநாள் பால் கணக்கு குறையத்தானே செய்யும்? சுவிட்சர்லாந்தில் பெட்ரோல் இறக்குமதி செய்கிறவர்கள் லிட்டருக்கு அதிகபட்சம் 5 ராப்பன் (நம்ம பைசா மாதிரி, சுவிஸ் பிராங்கில் நூறில் ஒரு பங்கு) ஏற்றி, அந்தப் பணத்தில் பாங்காக் மின்சாரப் பஸ்களின் கிரெடிட்டை வாங்கினார்கள். 2024 தொடக்கத்தில் கைமாறிய 1,916 டன்னைத் தாய்லாந்து இனித் தன் இலக்கில் காட்ட முடியாது. "கிரெடிட் இல்லாவிட்டாலும் அந்த பஸ் ஓடியிருக்குமே" என்று சுவிஸ் வளர்ச்சி அமைப்புகளே கேட்டன, அது நியாயமான கேள்விதான். ஆனால் வாங்கினது வாங்கினதுதான், அதில் அரசின் உதவிப் பணம் இல்லை.

மொய் என்று நான் ஒத்துக்கொள்வது ஒன்றைத்தான். ஐ.நா. மேற்பார்வைச் சந்தையில் நூறு கிரெடிட்டுக்கு ஐந்தைத் தகவமைப்பு நிதிக்கென, அதாவது காலநிலை மாற்றத்தைத் தாக்குப்பிடிக்க வளரும் நாடுகளுக்கு உதவும் நிதிக்கென, எடுத்து வைக்கிறார்கள். கியோட்டோ காலத்தில் அது இரண்டு. நாட்டுக்கு நாடு நேரடியாகச் செய்யும் வியாபாரத்தில் அதுவும் கட்டாயமில்லை. பாங்காக் பஸ் அந்த வகை.