வெருண்ட ஆடும் ஒரு கிரேக்கத் தெய்வமும்

அவைத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, தூரம் பாராமல் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருக்கும் தமிழாசிரியர் ஐயா அவர்களே, பந்தலுக்கு இடம் தந்த கோயில் தருமகர்த்தா அண்ணாச்சி அவர்களே, முன்வரிசைத் தாய்மார்களே, வணக்கம்.

திடீரென்று பற்றிக்கொள்ளும் அச்சத்தைக் குறிக்கும் 'பேனிக்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்: அது பிறந்த இடம், நம் நாவுக்கு வந்த வழி, அதற்கு நேரான தமிழ்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பார் என் தாத்தா. நான் சிறுவனாக இருந்தபோது, சேரன்மகாதேவிப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் கிடை அமர்த்தியிருந்தோம். இருநூறு ஆடுகள். நான் கம்பளிக்குள் கிடந்தேன். நடுச்சாமத்தில் சடசடவென்று ஒரு சத்தம். ஓர் ஆடு துள்ளி எழுந்தது. அவ்வளவுதான், கிடை முழுவதும் பட்டியைச் சாய்த்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் பாய்ந்தது. நானும் பாய்ந்தேன். சுடலைமாடனே வேட்டைக்கு வந்துவிட்டார் என்று கதறினேன். தாத்தா மட்டும் அரிக்கேன் விளக்கோடு சத்தம் வந்த இடத்துக்கு நடந்தார். வரப்புப் பனையடியில் ஒரு காவோலை விழுந்து கிடந்தது! ஆடுகளைத் தேடிச் சேர்ப்பதற்குள் விடிந்துவிட்டது. இரண்டு குட்டிகள் வாய்க்காலோடு போயின.

இந்த ஓட்டத்துக்குத்தான் கிரேக்கர்கள் பெயர் வைத்தார்கள். ஆர்க்கேடியா மலைநாட்டு இடையர்களின் தெய்வம் பான். ஆட்டுக் கொம்பு, ஆட்டுக் கால், நடுவே மனித உடல். உச்சிப் பொழுதில் அவன் உறக்கத்தைக் கெடுக்கக் கூடாது. நம் ஆச்சிமாரும் உச்சி வேளையில் தனியே போகாதே என்றுதானே சொன்னார்கள்? காரணம் தெரியாமல் மந்தையோ படையோ கலைந்து ஓடினால் அது பானின் வேலை. கி.மு. 490இல் நடந்த மாரத்தான் போருக்குப் பிறகு ஏதென்ஸ் மக்கள் அக்ரோபோலிஸ் குன்றின் அடியில் அவனுக்குக் கோயில் வைத்தார்கள். அவன் பெயர்தான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ஏறியது. அச்சம் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியம் நான்காக எண்ணுகிறது: அணங்கு என்னும் அச்சுறுத்தும் தெய்வம், விலங்கு, கள்வர், இறை என்னும் அரசன். பானோ அணங்கும் விலங்கும் ஒன்றானவன்!

போன வாரம் பஸ்ஸில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இந்தச் சொல்லுக்குத்தான் பொருள் கேட்டாள். நூலகத்தில் அகராதி இருக்கிறதே அம்மா என்றேன். "பள்ளி விட்டு வரும்போது பூட்டியிருக்கிறது, தாத்தா" என்றாள். 'பேனிக்' என்பதற்கு நேரான தமிழ் 'வெருட்சி'. ஆங்கிலம் என்றாலே நம் பிள்ளைகள் வெருளுகிறார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அரிக்கேன் விளக்கை நாமே அறைக்குள் வைத்துப் பூட்டினால் அவர்கள் எதைக் கொண்டு பார்ப்பார்கள்? ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, நம் ஊர்க் கிளை நூலகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்க வேண்டும் என்று கேட்கும் மனு இதோ என் கையில் இருக்கிறது. முதல் கையெழுத்து தங்களுடையதாக இருக்க வேண்டும். பேனாவும் கொண்டு வந்திருக்கிறேன்.