எலியாதேயின் இந்திய ஆண்டுகள்

நண்பர்களே, மதங்களின் வரலாற்றைப் படிப்பவர்களுக்கு மிர்ச்சா எலியாதே பெரிய ஆசான். வங்காள வாசகர்களுக்கு அவர் ஒரு காதல் கதையில் வரும் ஆள். இரண்டுக்கும் விதை விழுந்தது இந்தியாவில்தான்.

1907இல் ருமேனியாவின் புக்கரெஸ்டில் பிறந்தவர். சுரேந்திரநாத் தாஸ்குப்தாவின் இந்தியத் தத்துவ வரலாற்றைப் படித்த வேகத்தில் வங்காளத்தின் காசிம்பசார் மகாராஜாவுக்குக் கடிதம் எழுதி, உதவித்தொகை வாங்கி, 1928 கடைசியில் கப்பலேறி வந்தார். தாஸ்குப்தாவை நேரில் சந்தித்தது நம்முடைய அடையாறு தியசாபிகல் சொசைட்டியில். அப்புறம் கல்கத்தாவில் அவரிடமே பாடம். 1930இல் அவர் வீட்டிலேயே வாசம். மகள் மைத்ரேயிக்குப் பதினாறு வயதுகூட நிறையவில்லை. காதல் தெரிந்ததும் அந்த செப்டம்பரிலேயே எலியாதேயை வெளியே அனுப்பிவிட்டார் தந்தை. ரிஷிகேஷ் போனார். அங்கே அவருக்கு யோகம் காட்டியவர்களில் ஒருவர், பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தர்.

ஊர் திரும்பியதும் யோக ஆய்வுக்கு டாக்டர் பட்டம். 1933இல் அந்தக் காதலை வைத்து 'மைத்ரேயி' நாவல்.

அவருடைய ஆய்வின் உயிர்நாடி ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கல்லை மனிதன் வணங்குகிறான். அது கல்லாகவே இருக்கிறது. ஆனால் அவனுக்கு அதில் வேறொன்று வெளிப்பட்டுவிட்டது. இதை மூடநம்பிக்கை என்று தள்ளாமல், வணங்குபவனின் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். பின்னாளில் அவர் பேராசிரியராக இருந்த சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு தலைமுறையே இதைக் கற்றது.

ஆனால் 1930களில் இவர் ருமேனியாவின் யூத வெறுப்பு இயக்கமான இரும்புக் காவலர்களை ஆதரித்து எழுதினார். அவருடைய யூத நண்பர் மிஹாயில் செபஸ்டியானின் நாட்குறிப்பில் அந்த நட்பு விரிசல் விடுவதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. பின்னாளில் எலியாதே இதற்கு வெளிப்படையாக வருந்தவில்லை. இதை அவருடைய புகழுக்காக மறைப்பது தவறு.

நாவலிலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. தன் பெயரை ஆலன் என்று மாற்றிக்கொண்டவர், அந்தப் பெண்ணின் பெயரை அப்படியே விட்டார். இரவில் அவள் தன் அறைக்கு வந்ததாகவும் எழுதினார். முழு விவரம் மைத்ரேயி தேவிக்கு 1972இல்தான் தெரிந்தது. மறுவருடம் அவரே சிகாகோவுக்குப் போய் எலியாதேயைப் பார்த்தார். 1974இல் 'ந ஹன்யதே' என்ற வங்காள நாவலை எழுதி, இரவுக் காட்சிகள் வெறும் கற்பனை என்று மறுத்தார். 1976இல் அதற்கு சாகித்ய அகாதெமி விருது. எலியாதேயின் நாவலோ மைத்ரேயி தேவி மறைந்த பிறகுதான் ஆங்கிலத்தில் வந்தது. இரண்டையும் படிப்பதானால், முதலில் மைத்ரேயி தேவியுடையதை எடுங்கள்.