‘ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லாதீர்கள்

(வேலூரில் பெற்றோர் கூட்டம் ஒன்றில் உளவியல் ஆலோசகர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இந்த வெயிலிலும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். கரண்ட் போவதற்குள் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். ஓ.சி.டி. என்பது வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, அதை அடக்க ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய். அது இருக்கும் வீட்டில் அந்த நோய்க்குத் தீனி போடுவது பெரும்பாலும் கொடுமையோ அலட்சியமோ அல்ல, பாசம்தான்.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு வீடு. அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறார், பையன் பாலிடெக்னிக் படிக்கிறான். சாயந்திரம் அப்பா வாசலுக்கு வந்ததும் கேள்வி ஆரம்பிக்கும். “நைனா, கை கழுவிட்டியா?” “கழுவிட்டேன்பா.” “முழங்கை வரைக்குமா?” அவர் திரும்பிப் போய் முழங்கை வரை கழுவிவிட்டு வருவார். “சட்டை கொடிமேல பட்டுச்சா?” “படல.” “நல்லா யோசிச்சு சொல்லு நைனா.” வெளியிலேயே உடை மாற்றி, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அவர் உள்ளே வருவதற்குள் சோறு ஆறிவிடும். பையன் அதற்குமேல் போய்க் குளித்தால் டிரம் காலி. குழாயில் அடுத்த தண்ணீர் என்றைக்கு வருமோ. அம்மாவுக்கும் அவனுக்கும் சண்டை நோயைப் பற்றி அல்ல, அந்த டிரம்மைப் பற்றித்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு குவிந்து கிடப்பதும், நிலத்தடி நீர் கெட்டதும் நிஜம். ‘பையன் சொல்வதில் நியாயம் இருக்கிறதே’ என்று அப்பா நினைத்தார். நியாயம் இருக்கிறதுதான். அதே ஷாப்பில் வேலை செய்யும் மற்றவர்களும் சோப்பு போட்டுக் கழுவுகிறார்கள், பிறகு சாப்பிட உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்தப் பையனுக்கு மட்டும் ‘போதும்’ என்ற உணர்வு வருவதில்லை. பயத்துக்குக் காரணம் உண்டா, இல்லையா என்று அவனோடு வாதாடிப் பயனில்லை. வாதத்தில் நீங்கள் ஜெயித்தாலும் பத்து நிமிடத்தில் அடுத்த சந்தேகம் வந்து நிற்கும்.

அப்பா சொல்லும் ஒவ்வொரு பதிலும், ‘ஒண்ணும் ஆகாது’ என்ற ஒவ்வொரு ஆறுதலும், கந்துவட்டிக்காரனுக்குக் கட்டும் வட்டி மாதிரி. அன்றைக்குத் தொல்லை தீரும், அசல் குறையவே குறையாது.

கை கழுவுவதாவது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத வகை இன்னும் மோசம். ஜலகண்டேஸ்வரர் சன்னிதியில் கும்பிடும் நேரத்தில் மனத்தில் ஓர் அசிங்கமான வார்த்தை எழும். பெற்ற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியில் நிற்கும் அம்மாவுக்கு ‘தூக்கிப் போட்டுவிடுவேனோ’ என்று தோன்றும். சொன்னால் பைத்தியம் என்பார்கள், பாவி என்பார்கள். அதனால் வருடக்கணக்கில் மூடிமறைப்பார்கள். 1978இல் ராக்மன், டி சில்வா என்ற இரு உளவியலாளர்கள் நோய் இல்லாதவர்களிடம் இதைக் கேட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலோர் தங்களுக்கும் இப்படிப்பட்ட எண்ணங்கள் வருவதாகச் சொன்னார்கள். இந்த அறையில் இருக்கும் நமக்கும் வரும். நாம் ‘சீ’ என்று தள்ளிவிட்டுப் போய்விடுகிறோம். ஓ.சி.டி. உள்ளவரோ அந்த எண்ணத்தைத் தன் குணத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார். அந்த எண்ணத்தை வெறுப்பதால்தான் அது அவரை இவ்வளவு வதைக்கிறது.

சரி, குணமாக வழி என்ன? 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர், மற்ற சிகிச்சைகளுக்கு அசையாத இரண்டு நோயாளிகளிடம் ஒரு காரியம் செய்தார். பயப்படும் பொருளைத் தொட வைத்தார், அதன் பிறகு சடங்கை, அதாவது பயம் அடங்கத் திரும்பத் திரும்பச் செய்யும் கழுவுதல் போன்ற காரியத்தை, செய்யவிடாமல் தடுத்தார். இன்றைய சிகிச்சை அதிலிருந்து வளர்ந்ததுதான். இப்போது யாரும் யாரையும் வம்படியாகத் தடுப்பதில்லை. நோயாளியோடு உட்கார்ந்து, சின்னப் பயத்திலிருந்து பெரிய பயம்வரை ஒரு படிக்கட்டு போடுகிறோம். அந்தப் பையன் முதலில் அப்பாவின் சாப்பாட்டுத் தூக்கைத் தொட்டான். கையைக் கழுவாமல் நாற்காலியில் உட்கார்ந்தான். முகம் வெளிறிவிட்டது, கட்டைவிரலை மட்டும் மற்ற விரல்களிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தான். பதற்றம் ஏறியது, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது, அப்புறம் இறங்கியது. சில நாள் இறங்காது. அதுவும் பாடம்தான். பதற்றத்தோடேயே சோறு சாப்பிட முடிகிறது என்பதை வேறு எப்படிக் கற்றுக்கொள்வது?

மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃப்ளுவாக்ஸடின், செர்ட்ரலின் போன்றவை இதற்கு நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் அளவு தேவைப்படலாம், பலன் தெரிய 8 முதல் 12 வாரம்கூட ஆகலாம். மூன்றாம் வாரமே ‘ஒண்ணும் கேக்கல’ என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. தேறிய பிறகும் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டர் சொன்னபடி குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது குடும்பத்துக்கு வருகிறேன். பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்தில், நோயாளியோடு வீட்டாரும் கூடவே தங்கும் முறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அதன் அருமை இந்த நோயில் நன்றாகத் தெரியும், ஏனென்றால் இங்கே சடங்கில் பாதியை வீட்டார்தான் செய்து கொடுக்கிறார்கள். அதற்காக இன்று ராத்திரியே வாயை மூடிக்கொள்ளாதீர்கள், தட்டு பறக்கும். அவன் அமைதியாக இருக்கும் நேரத்தில் சேர்ந்து பேசி, ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மட்டும் பதில் இல்லை என்று முடிவு செய்யுங்கள். அந்த அப்பா சொல்லப் பழகிய வாக்கியம் இது: “உனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு தெரியுதுப்பா. இதுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல. வா, சாப்பிடலாம்.” சொல்லும்போது முதல் சில நாள் அவர் குரல்தான் நடுங்கியது. பரீட்சை நேரத்தில் கேள்விகள் மறுபடி கூடின. மறுபடியும் அதே வாக்கியம்தான். எங்கே போவது என்று தெரியாதவர்கள் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம், அல்லது 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே.

ஒரு அம்மா சீட்டில் எழுதிக் கேட்டிருக்கிறார்: “சோளிங்கர் நரசிம்மருக்கு வேண்டியிருக்கிறோம், கூட்டிப் போகலாமா?” தாராளமாகப் போங்கள், மாத்திரையையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். படிகள் 1,300க்கும் மேலே. உங்கள் மகள் எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் உள்ளவள் என்று எழுதியிருக்கிறீர்கள். நடுவில் எண்ணிக்கை தப்பிவிட்டது, கீழே போய் முதலிலிருந்து ஏறுவேன் என்பாள். நீங்கள் அவளுக்காக எண்ணிச் சொல்லாதீர்கள், பேசிக்கொண்டே கூட ஏறுங்கள். இப்போதுதான் ரோப் கார் வந்துவிட்டதே என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள். முட்டிவலி உங்களுக்கு இருந்தால் நீங்கள் போங்கள். அவள் படியிலேயே வரட்டும்.