சவாரி கிடையாது, நடைதான் உண்டு

வணக்கம். குதிரைத் துறையில் வேலைக்குப் போக ஆசைப்படும் மாணவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாலே வார்த்தையில் சொல்வதானால், சவாரி கிடையாது, நடைதான் உண்டு. அது என்ன என்று மீதி நேரத்தில் சொல்கிறேன்.

நான் படித்தது அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்து லெக்ஸிங்டனில். ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ரேஸ் குதிரைப் பண்ணைதான். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் குதிரை அறிவியலுக்கும் நிர்வாகத்துக்கும் தனிப் பட்டப்படிப்பே இருக்கிறது. கோடை வந்தால் மாணவர்கள் பண்ணைக்கோ, குதிரை மருத்துவமனைக்கோ, ஆராய்ச்சிக்கூடத்துக்கோ இன்டர்ன்ஷிப் போவார்கள். நானும் ஒரு பண்ணைக்குப் போனேன், ராத்திரி முழுக்க விழித்திருந்து குட்டி பிறப்பதைப் பார்க்கலாம் என்ற கனவோடு.

போனது ஜூனில். ஒரு குட்டியும் பிறக்கவில்லை!

காரணம் எளிது. வட அரைக்கோளத்தில் தரோப்ரெட் என்கிற இனத்து ரேஸ் குதிரைகள் எல்லாவற்றுக்கும் கணக்குப்படி பிறந்தநாள் ஜனவரி 1. மே மாதம் பிறந்த குட்டிக்கும் அடுத்த ஜனவரியில் ஒரு வயது ஆகிவிடும், அதனால் ஜனவரி, பிப்ரவரியில் பிறந்த பெரிய குட்டிகளோடுதான் அது பிறகு ஓட வேண்டியிருக்கும். ஆகவே முடிந்தவரை ஆண்டின் தொடக்கத்திலேயே குட்டி போட வைக்கப் பார்ப்பார்கள். சினைக்காலம் சுமார் 11 மாதம் என்பதால் பிப்ரவரி நடுவிலேயே இனச்சேர்க்கை தொடங்கிவிடும்; அதற்குத் தயாராக, சினையில்லாத பெட்டைக் குதிரைகளின் லாயத்தில் டிசம்பரிலிருந்தே விளக்குப் போட்டு ஒரு நாளுக்கு 16 மணி நேர வெளிச்சம் காட்டி, வசந்தம் வந்துவிட்டது என்று அவற்றின் உடம்பை நம்பவைக்கிறார்கள். பிரசவம் பார்க்க ஆசையா, ஜனவரியில் போகும்படி ஒரு செமஸ்டரை ஒதுக்குங்கள். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சரி, கோடையில் என்னதான் வேலை? செப்டம்பரில் லெக்ஸிங்டனிலேயே உள்ள கீன்லாண்ட் ரேஸ் மைதானத்தில் பெரிய ஏலம் நடக்கும், விற்பனைக்கு வருவதெல்லாம் ஒரு வயதுக் குட்டிகள். இயர்லிங் என்பார்கள். அவற்றை ஏலத்துக்குத் தயார் செய்வதுதான் முழுக் கோடையும். வெயிலில் ரோமம் நிறம் மங்கிவிடும் என்று பகலில் லாயத்திலேயே கட்டிக் காப்பாற்றி, ராத்திரியில்தான் மேய விடுவார்கள். விடிந்ததும் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தெர்மாமீட்டரை வைப்பது ஆசனவாயில்; அதில் நூல் கட்டி, நூலின் மறுமுனையை க்ளிப் போட்டு வாலில் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் தெர்மாமீட்டர் வைக்கோலில் விழுந்து நொறுங்கும், உள்ளே போனாலும் போகும். 99 முதல் 101.5 பாரன்ஹீட் வரை இருந்தால் கவலையில்லை. அப்புறம் லத்தி அள்ளுவது, குளம்பு சுத்தம் செய்வது, உடம்பு முழுக்கத் தேய்ப்பது, பிறகு நடை. ஆரம்பத்தில் பத்து நிமிடம், கொஞ்சம் கொஞ்சமாக அரை மணி வரை. கால் வீச்சைப் பார்த்துத்தான் வாங்குகிறவர் முடிவெடுப்பார் என்பதால், தளர்ந்த கயிற்றில் நேராக நடக்கவும் நாலு காலும் தெரிகிற மாதிரி அசையாமல் நிற்கவும் பழக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். எதிரே நிற்பது கிட்டத்தட்ட ஐந்து ஆள் எடை உள்ள பயந்த பிள்ளை.

மாட்டைப் பிடிக்கிற பழக்கத்தில் முதல் வாரமே கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டேன். பிளாஸ்டிக் பை ஒன்று பறந்தது, குட்டி துள்ளியது, என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. கயிற்றை மடித்துப் பிடிக்க வேண்டும், சுற்றக் கூடாது. சுற்றிய கையோடு குதிரை இழுத்துக்கொண்டு ஓடினால் விரலே போகும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பேராசிரியர் அல்ல, மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு குதிரைக்காரர். அந்த லாயங்களில் பேச்சு பெரும்பாலும் ஸ்பானிஷ்தான், ஐம்பது வார்த்தையாவது கற்றுக்கொண்டு போங்கள்.

பண விஷயம். "அனுபவம்தான் சம்பளம்" என்று என்னிடம் ஒரு பண்ணையில் சொன்னார்கள். தங்க இடமும் கிடையாதாம். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். ஒரு மணிக்கு எவ்வளவு, தங்க இடம் உண்டா, அடிபட்டால் காப்பீடு யார் பொறுப்பு, வாரத்தில் எத்தனை நாள் விடுப்பு என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பண்ணை வேலைக்கு ஓவர்டைம் தர வேண்டும் என்று அமெரிக்க மத்திய சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை, அதையும் நினைவில் வையுங்கள். எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: பொதுவாக ஒரு கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும், வேலை பாடத்திட்டத்தோடு சேர்ந்ததாக இருக்க வேண்டும், பல்கலைக்கழகத்தின் அனுமதி கைக்கு வந்த பிறகுதான் லாயத்தில் கால் வைக்க வேண்டும்.

செப்டம்பரில் வகுப்பைக் கட் அடித்துவிட்டு ஏலத்துக்குப் போனேன், பார்க்கக் கட்டணம் கிடையாது. மூன்று மாதம் நான் நடத்திய குட்டி இடுப்பில் நம்பர் ஒட்டி, பளபளவென்று, ஒரு முறைகூடத் துள்ளாமல் உள்ளே வந்தது. முதலாளி மனதில் வைத்திருந்த விலை வரவில்லை. திரும்ப வண்டியில் ஏற்றினார்கள். மறுநாள் காலை ஐந்தரைக்கு மேனேஜரிடமிருந்து போன். "அது உன் கையில் நன்றாக நடக்கிறது, வார இறுதியில் வர முடியுமா?" எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் சரி என்றேன்.